திருவண்ணாமலை வட்டாரத்தின் பருவங்களும் அன்றாட வாழ்வும்

திருவண்ணாமலை நகரம் வங்கக் கடலிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் மேற்கே, கடல்மட்டத்திற்கு மேல் 170 மீட்டர் அளவிலான உயரத்தில், செம்மண் பரந்த சமவெளியில் அமைந்துள்ளது. வடமேற்கில் ஜவ்வாது மலையும் தென்மேற்கில் கல்வராயன் மலையும் இச்சமவெளிக்கு எல்லையிடுகின்றன. இரண்டும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் சிதறிய கூறுகள். நகரை ஒட்டித் தனித்து எழும் அண்ணாமலை 814 மீட்டர் உயரமுடையது. இம்மலையைப் பற்றிச் சமய நோக்கில் எழுதப்பட்டவை மிகப் பல. ஆயின் மலையைச் சூழ்ந்த சமவெளியின் வெயிலும் மழையும் பனியும் அங்கு வாழ்வோரின் உழவையும் உணவையும் கலையையும் வழிபாட்டையும் எவ்வாறு ஒழுங்குபடுத்தின, அவ்வொழுங்கு அண்மைப் பத்தாண்டுகளில் எந்த அளவுக்குக் குலைந்தது என்பது தனியே ஆராயப்பட்டது குறைவு.

கடலின் தாக்கம் எட்டாத உள்நாட்டுச் சமவெளிகளில் ஆண்டைப் பகுப்பது பெரும்பாலும் வெப்பநிலையே. கனடாவின் புல்வெளி மாகாணமான மானிட்டோபாவில் உள்ள வின்னிபெக் நகரின் சனவரி மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 16 பாகை அளவிலும், சூலை மாதச் சராசரி உறைநிலைக்கு மேலே 20 பாகையை ஒட்டியும் இருப்பதால், அங்குள்ளோரின் வீடு, உடை, பயணம், பயிர் அனைத்தும் அந்த 36 பாகை இடைவெளிக்கு ஏற்ப மாதந்தோறும் மாறுகின்றன. திருவண்ணாமலையில் மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரிக்கும் மிக வெப்பமான மாதத்தின் சராசரிக்கும் உள்ள வேறுபாடு பத்துப் பாகையைக்கூட எட்டுவதில்லை. தை மாத விடியலில் வெப்பநிலை 20 பாகைக்குச் சற்றுக் கீழே இறங்குவதும், வைகாசிப் பிற்பகலில் 40 பாகையைத் தொடுவதும் தாண்டுவதும் உண்டு என்றாலும், இவ்வட்டாரத்தின் ஆண்டை வகுப்பது நீர்வரத்துத்தான். எந்தத் திங்களில் ஏரிக்குத் தண்ணீர் வரும், எந்தத் திங்களில் கிணறு அடிமட்டத்தைக் காட்டும் என்ற கணக்கின்மீதே திருமணம், கூத்து, விதைப்பு, கடன், இடப்பெயர்வு ஆகியவை எல்லாம் நாள் குறிக்கப்பட்டு வந்துள்ளன.

இக்கணக்கைப் பழைய தமிழ்ப் பருவப் பகுப்போடு ஒப்பிடுவது பயனுள்ளது. ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். மார்கழி, தை முன்பனிக்காலம். மாசி, பங்குனி பின்பனிக்காலம். சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில் என்பது அப்பகுப்பு. கரையோரத்தில் வாழ்வோருக்கு இதில் கார்காலம் என்பது சற்றுப் பொருந்தாத பெயராகத் தோன்றக்கூடும், ஏனெனில் அங்கே பெருமழை ஐப்பசிக்குப் பின்னரே வருகிறது. திருவண்ணாமலை வட்டாரத்தில் நிலைமை வேறு. இங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர். அதில் சூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழையின் பங்கும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையின் பங்கும் ஏறக்குறைய ஒத்த அளவின. கார், கூதிர் என இரு மழைக்காலங்களை அடுத்தடுத்து வைத்த பழம்பகுப்பு, தமிழ்நாட்டின் வட உள்மாவட்டங்களுக்கே மிகச் சரியாகப் பொருந்துகிறது எனலாம். பருவம் ஆறு என்பதை வெறும் இலக்கிய மரபாக ஒதுக்கிவிடுவோர் இந்த மழை விவரத்தைக் கருத்தில் கொள்வது நல்லது.

இரு மழைகளும் அளவில் ஒத்தவையாயினும் தன்மையில் வேறுபட்டவை. தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் தன் ஈரத்தின் பெரும்பகுதியை இறக்கிவிட்டு, காய்ந்த மேல்காற்றாகவே இச்சமவெளியை அடைகிறது. அக்காற்று தானாக மழை தருவதில்லை. பகல் முழுவதும் சூடேறிய நிலத்திலிருந்து காற்று மேலெழும்பி, கிழக்கிலிருந்து ஈரத்தோடு உள்நுழையும் கடற்காற்றை மேல்காற்று எதிர்கொள்ளும் இடத்தில் இடிமேகங்கள் திரள்கின்றன. வானிலைச் செய்திகளில் வெப்பச்சலனம் என்று குறிக்கப்படுவது இதுவே. இவ்வாறு பிறக்கும் மழை மாலையிலோ முன்னிரவிலோ இடி மின்னலோடு ஒரு மணி நேரம் கொட்டி ஓய்வது. போளூரில் பெய்தது கலசப்பாக்கத்தில் பெய்யாமல் போகலாம், ஓர் ஏரியின் இரு கரைகளில் ஒன்று மட்டும் நனையவும் கூடும். வடகிழக்கு மழையோ வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலங்களோடும் புயல்களோடும் வந்து, நாள் கணக்கில் அடைமழையாக மாவட்டம் முழுவதையும் நனைப்பது. முதல் மழை மண்ணை ஈரமாக்கிப் பயிரை முளைக்கவைக்கிறது. இரண்டாம் மழை ஏரியையும் கிணற்றையும் நிரப்புகிறது. இந்த வேலைப் பிரிவினையே வட்டாரத்தின் உழவுமுறைக்கு அடிப்படை.

ஆண்டின் கடினமான பகுதியான கோடையிலிருந்து விவரிப்பைத் தொடங்கலாம். சித்திரை இறுதியில் தொடங்கி வைகாசி நடுப்பகுதி வரை, அதாவது மே 4 முதல் 28 வரையிலான நாள்களை ஒட்டி, பஞ்சாங்கம் குறிக்கும் அக்கினி நட்சத்திரக் காலம் அமைகிறது. மக்கள் வழக்கில் இது கத்திரி வெயில். கடற்காற்று நண்பகலில் எட்டாத தொலைவில் உள்ள இந்நகரத்தில், பகலில் சூடேறிய மலைப்பாறை இரவிலும் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டிருப்பதால், மலையடிவாரத் தெருக்களில் இரவு வெப்பம் தணிவதற்கு நெடுநேரமாகிறது. மலைமேல் நிலைமை இன்னும் கடுமையானது என்பதற்கு நன்கறியப்பட்ட சான்று ஒன்று உண்டு: 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்த ரமண மகரிஷி, 1899 முதல் 1916 வரை விருபாட்ச குகையில் தங்கியிருந்த காலத்தில், கோடை மாதங்களில் அங்கே நீர் கிடைக்காததாலும் வெப்பம் மிகுந்ததாலும், முலைப்பால் தீர்த்தத்தை அடுத்த மாமரக் குகைக்கு இடம் மாறுவது வழக்கமாக இருந்தது. பின்னர் 1916 முதல் 1922 வரை அவர் வாழ்ந்த கந்தாசிரமத்தின் சிறப்பே அதன் அருகில் இருந்த நீரூற்றுத்தான். துறவியரின் இருப்பிடத்தைக்கூட இம்மலையில் நீரே தீர்மானித்தது.

சமவெளி ஊர்களில் கோடை என்பது கூழின் காலம். கேழ்வரகு மாவை முந்தைய நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி, மறுநாள் மோரும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்துக் குடிக்கும் வழக்கம் வட மாவட்டங்கள் முழுவதற்கும் பொதுவானது. வீட்டுச் சிக்கனமாகத் தொடர்ந்த இவ்வுணவு ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்த்தலாக ஊர்ப் பொதுச் சடங்காகிறது. நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, தர்பூசணி ஆகியவை சாலையோரங்களில் குவிவதும், நண்பகலில் கடைத்தெரு அடங்கி மாலை ஐந்துக்குப் பின் மீண்டும் உயிர்பெறுவதும் நகரக் கோடையின் இயல்புகள்.

கோடையின் மிகப் பெரிய விளைச்சல் என்று ஒன்றைக் குறிப்பதானால் அது தெருக்கூத்தாகவே இருக்கும். நிலத்தில் வேலை இல்லாததும், இரவு முழுவதும் திறந்தவெளியில் மழை அச்சமின்றி உட்கார முடிவதும், அறுவடைப் பணம் சிறிதளவேனும் கையில் இருப்பதும் ஒருங்கே கூடும் காலம் மாசி, பங்குனி தொடங்கி ஆடி வரையிலான காலமே. அப்போதுதான் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்கினி வசந்த விழா நடைபெறுகிறது: பிற்பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து என்று நாள்கள் பல நீடித்து, அருச்சுனன் தவத்தின்போது நடிகர் உயர்ந்த மரத்தின்மேல் ஏறுவதையும், இறுதி நாளில் மண்ணால் படுக்கவைத்துச் செய்யப்பட்ட துரியோதனன் உருவத்தின் அருகே படுகளம் நிகழ்வதையும், மாலையில் தீமிதியோடு விழா முடிவதையும் ஊரே கூடிக் காண்கிறது. மாவட்டத்தின் செய்யாறு வட்டத்தில் உள்ள புரிசை என்னும் ஊர், கண்ணப்பத் தம்பிரான் மரபினரால் கூத்துக்குப் பெயர்பெற்றது. மழை பொய்த்த ஆண்டுகளில் விராடபருவத்தைப் படிக்கவோ கூத்தாக ஆடவோ செய்தால் மழை வரும் என்னும் நம்பிக்கை, கூத்துக்கும் பருவத்துக்கும் உள்ள உறவு இருதிசைப்பட்டது என்பதைக் காட்டுகிறது: வறண்ட காலம் கூத்துக்கு இடமளிக்கிறது, கூத்து வறட்சியை முடித்துவைக்க வேண்டும் என எதிர்பார்க்கப்படுகிறது. இக்கலைஞர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் வேலையற்ற மாதங்கள். உழவருக்கு நல்ல மாதங்கள் கூத்தருக்குப் பட்டினி மாதங்களாக அமைவது இவ்வட்டாரத்தின் முரண்களுள் ஒன்று. ஆயினும் முன்பருவத்தில் விளைந்தால்தான் கோடையில் கூத்துக்கு அழைப்பு வரும் என்பதால், இரு தரப்பும் ஒரே மழையைத்தான் எதிர்பார்த்திருந்தன.

கூத்தர்க்கும் இந்நிலத்துக்கும் உள்ள தொடர்பு மிகப் பழமையானது. பத்துப்பாட்டின் இறுதி நூலாகிய மலைபடுகடாம், கூத்தராற்றுப்படை என்ற மறுபெயரும் உடையது. 583 அடிகள் கொண்ட அப்பாட்டு, செங்கண்மா எனப்பட்ட இன்றைய செங்கத்தைத் தலைநகராகக் கொண்ட நன்னனிடம் செல்லும் வழியைக் கூத்தர் குழுவொன்றுக்குப் பெருங்கௌசிகனார் காட்டுவதாக அமைந்தது. சேயாற்றையும் மலைவழிகளையும் அங்கு விளையும் தினை, வரகு, எள், அவரை முதலியவற்றையும் அது பேசுகிறது. வரகும் தினையும் இன்று மலைப்பகுதிகளுக்கும் சில புன்செய்களுக்கும் சுருங்கிவிட்டன. அவற்றின் இடத்தைப் பிடித்த நிலக்கடலை தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் எண்ணெய் ஆலைகளுக்கு ஏற்றுமதியானபோது, அன்று திருவண்ணாமலையை உள்ளடக்கியிருந்த தென்னார்க்காட்டு மாவட்டத்தில் அது வேகமாகப் பரவியது. பருவத்தோடு இயைந்த தொன்மையான உழவு என்று இன்று சுட்டப்படுவதில் ஒரு பெரும்பகுதி ஐந்தாறு தலைமுறைக்கு உட்பட்டது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்னும் பழமொழியை நிலக்கடலை உழவர் எழுத்துப் பிசகாமல் பின்பற்றுகின்றனர். ஆனி, ஆடி மாதங்களில் மாலை மழை ஒன்றிரண்டு பெய்து மண் நனைந்தவுடன் மானாவாரிக் கொல்லைகளில், அதாவது பாசன வசதியின்றி மழையை மட்டுமே நம்பிய மேட்டு நிலங்களில், ஏர் பூட்டப்படுகிறது அல்லது டிராக்டர் இறங்குகிறது. விதைத்த ஒரு மாதத்திற்குள் செடி பூக்கிறது. பூவிலிருந்து நீளும் விழுது நாற்பது, நாற்பத்தைந்தாம் நாளளவில் மண்ணுக்குள் இறங்கிக் காயாகத் திரள வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் மண் இறுகிக் கிடந்தால் விழுது இறங்காது. செடி பச்சையாக நிற்கும், பிடுங்கினால் காய் இராது. எனவே இப்பயிருக்கு மொத்த மழையளவைவிட மழையின் நாள்தான் முக்கியம். ஆண்டு முடிவில் புள்ளிவிவரத்தில் இயல்பான மழை என்று பதிவான ஓராண்டிலும் ஊர் முழுவதும் கடலை பொய்த்திருக்கக் கூடும். வெப்பச்சலன மழையின் இடம்விட்டு இடம் பெய்யும் இயல்பையும் சேர்த்து நோக்கினால், அடுத்தடுத்த கொல்லைகளின் உரிமையாளர் இருவருள் ஒருவர் கடனை அடைப்பதும் மற்றவர் கடன் வாங்குவதும் ஒரே பருவத்தில் நிகழ்வதன் காரணம் விளங்கும். தப்பிய பயிர் புரட்டாசி, ஐப்பசியில் பிடுங்கப்படுகிறது. பெண்கள் வட்டமாக அமர்ந்து கொடியிலிருந்து காய்களை ஆய்கின்றனர், கொடி மாட்டுக்குப் போகிறது. அறுவடை வடகிழக்கு மழையோடு மோதினால் களத்தில் காயவைத்த கடலை நனைந்து முளைத்துவிடும் என்பதால், இருவேறு மழைகளின் இடையே உள்ள சில வார இடைவெளியே கடலைக்காரரின் ஆண்டு முழுமைக்குமான வருவாயை முடிவு செய்கிறது.

நெல்லின் கணக்கு வேறு. சித்திரையை ஒட்டித் தொடங்கும் சொர்ணவாரி, ஆடிக்குப் பின் தொடங்கும் சம்பா, மார்கழி, தையில் நடப்படும் நவரை என மூன்று பட்டங்கள் வட மாவட்டங்களில் வழக்கில் உள்ளன. இவற்றில் நவரை முழுவதும் வடகிழக்கு மழையில் சேர்ந்த நீரைச் செலவிடுவது; சொர்ணவாரி கிணற்றை நம்பியது. ஆரணியும் களம்பூரும் அரிசி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர்களாயினும், அவற்றுக்கு வரும் நெல்லில் கணிசமானது ஆற்றுநீரால் விளைந்ததன்று. ஜவ்வாது மலையில் தோன்றிப் பாலாற்றில் கலக்கும் செய்யாறும், கர்நாடகத்தின் நந்தி மலையிலிருந்து வரும் தென்பெண்ணையும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பவை. ஏரிகளும் அவற்றின் ஊறலால் ஊறும் கிணறுகளுமே உண்மையான பாசன ஆதாரங்கள். ஏரி கோடி போனது, அதாவது நிரம்பி வழிந்தோடும் கலங்கலைத் தாண்டியது என்ற செய்தி ஊருக்கு ஊர் பரவுவதும், கோடி போன ஏரியில் ஆடு வெட்டிப் படைப்பதும், அடுத்த ஏரிக்காரர் அந்நீரின் வரவை எதிர்பார்த்திருப்பதும் நல்ல கார்த்திகையின் அடையாளங்கள்.

கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்னும் பழமொழி இவ்வட்டாரத்தில் பரவலாக வழங்குவது. இதை வானிலை விதியாகக் கொண்டால் பிழை காண்பது எளிது: 2023 டிசம்பர் 17, 18 நாள்களில், மார்கழி பிறந்தவுடனே, தென்கரையோர ஊரான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஆனால் பழமொழி தமிழ்நிலம் முழுமைக்கும் கூறப்பட்டதாகத் தோன்றவில்லை. ஏரிக்கு நீர் சேர்க்கும் மழையைப் பற்றி வட உள்மாவட்ட உழவர் கொண்டிருந்த எதிர்பார்ப்பாகவே அதைக் கொள்வது பொருத்தம். வடகிழக்குப் பருவமழையின் பெரும்பகுதி அக்டோபர், நவம்பரில் பெய்து, டிசம்பரில் மழைப்பட்டை தெற்கே நகர்வதால், கார்த்திகை முடிவில் ஏரியில் என்ன இருக்கிறதோ அதுவே அடுத்த ஆனி வரைக்குமான இருப்பு. அவ்விருப்பு இல்லாத ஆண்டு எத்தகையது என்பதை 2016 காட்டியது. அவ்வாண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதற்கும் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டில் குடிமராமத்து என்ற பழைய பெயரோடு ஏரி தூர்வாரும் அரசுத் திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டது. முன்பு ஊரார் தம் உழைப்பால் செய்துவந்த பராமரிப்புக்கு இப்பெயர் வழங்கியது. புதிய திட்டத்தில் அரசு நிதியும் ஒப்பந்த இயந்திரங்களும் வேலையைச் செய்தன. ஏரி ஆழமாயிற்று, ஆயின் வரத்துக் கால்வாய் அடைபட்டிருந்த இடங்களில் ஆழத்தால் பயன் விளையவில்லை.

மழைக்காலம் எல்லாத் தொழிலுக்கும் ஒரே பொருளைத் தருவதன்று. ஆரணிப் பட்டுநெசவில் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் அமையும் இழைத்தொகுதி, தெருவில் நீட்டிச் சீராக்கப்படுவது. மழைநாளில் தெரு கிடைக்காது, குழித்தறியில் ஈரம் ஏறும், இழை நெகிழும். ஆகவே திருமணப் பருவமாகிய தைக்கு முன் புடவைகள் மிகுதியாகத் தேவைப்படும் மாதங்களிலேயே நெசவு தடைப்படுகிறது. செங்கல் சூளைகளுக்கும் இதுவே நிலைமை.

மார்கழி, தை மாதங்களில் வானம் வெளுத்துச் சமவெளியில் விடியற்பனி இறங்குகிறது. காதை மூடும் குல்லாவும் கழுத்தைச் சுற்றிய துண்டும் தேநீர்க் கடைகளில் கூட்டமும் இக்காலத்தின் காட்சிகள். வட இந்தியரோ மேல்நாட்டவரோ குளிர் என்று ஒப்புக்கொள்ளாத இப்பருவத்தை உள்ளூர் முதியோர் மிகுந்த கவனத்தோடு கடக்கின்றனர். மாணிக்கவாசகர் திருவெம்பாவையை அருளியது திருவண்ணாமலையில் என்று மரபு கூறுகிறது. கிரிவலப் பாதையில் அடிஅண்ணாமலையை ஒட்டி அவருக்குக் கோயில் உண்டு. விடியலில் எழுந்து குளிர்ந்த நீரில் நீராடும் நோன்பு, ஆண்டில் குளங்கள் நிறைந்திருக்கும் ஒரே காலத்தில் அமைந்துள்ளது.

மேகமற்ற இரவுகளின் பயனை அறிவியலும் கண்டுகொண்டது. ஜவ்வாது மலையின் காவலூரில், 725 மீட்டர் உயரத்தில், 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கிய வானாய்வகம், இன்று அதை உருவாக்கிய வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கியுள்ளது, அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 சனவரி 6 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் வட, தென் வானங்கள் இரண்டையும் ஓரிடத்திலிருந்து நோக்க முடிவதும், நகர வெளிச்சம் எட்டாமையும் இடத்தேர்வுக்குக் காரணங்கள். கூதிர் மழை முடிந்து கோடை இடி தொடங்குவதற்கு இடைப்பட்ட மாதங்களே அங்கு அறுவடைக் காலம். வியாழனின் துணைக்கோளான கனிமீடைச் சுற்றி வளிமண்டலம் இருப்பதற்கான அறிகுறியை 1972இலும், யுரேனசைச் சூழ்ந்த வளையங்களுக்கான சான்றை 1977இலும் இவ்வாய்வகம் பதிவு செய்தது.

அதே மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு வறண்ட மாதங்கள் வேறுவகையில் அமைகின்றன. சாமை, தினை, பலா, புளி, தேன் ஆகியவற்றைச் சார்ந்த மலை வாழ்வில், சாமை அறுவடை முடிந்தபின் கூலி வேலை மலைமேல் மிகக் குறைவு. சமவெளிக்கும் கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் ஆந்திரத்துக்கும் ஆட்கள் குழுக்குழுவாகப் புறப்படுவர். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறிக் காவல்துறை நடத்திய துப்பாக்கிச்சூட்டில் இறந்த 20 பேரில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலை ஊர்களைச் சேர்ந்தவர்கள். அந்நிகழ்வு பெரும்பாலும் கடத்தல் பற்றிய செய்தியாகவே எழுதப்பட்டது. கோடை தொடங்கும்போது மலையில் வேலை இல்லாமல் போவது பற்றிய செய்தியாகவும் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். ஜமுனாமரத்தூரில் அரசு நடத்தும் கோடைவிழாவுக்குச் சமவெளியிலிருந்து குளிர்ச்சி தேடி மக்கள் ஏறிச் செல்வதும், அதே பருவத்தில் மலைமக்கள் வேலை தேடி இறங்கிச் செல்வதும் ஒரே சாலையில் நிகழ்கின்றன.

இதுவரை கூறியவற்றில் ஒரு பொது இயல்பு தெரிகிறது: எந்தச் செயலும் தனக்குரிய பருவத்தில் மட்டுமே நிகழ்ந்தது, மற்றப் பருவங்களில் ஒதுங்கி நின்றது. கோயில் நகரத்தின் கூட்டமும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தது. கார்த்திகைத் தீபம் ஆண்டின் ஒரே பெருங்கூட்டம்; நவம்பர் பிற்பகுதிக்கும் டிசம்பர் நடுவுக்கும் இடையே, ஏரிகள் நிறைந்து பயணத்துக்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு இல்லாத நாள்களில் அது வந்தது. மாலை ஆறு மணிக்கு மலையுச்சிக் கொப்பரையில் பர்வதராஜகுலத்தார் ஏற்றும் தீபம், ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும் 1000 மீட்டர் காடாத் துணியும் கொண்டு, 11 நாள் எரிவது. புயல் மிகுந்த பருவத்தில், திறந்த உச்சியில், காற்றையும் மழையையும் தாங்க வேண்டிய நெருப்புக்கு அத்தனை நெய்யும் கனத்த திரியும் தேவைப்பட்டன.

1990களுக்குப் பின் இந்நிலை மாறியது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒவ்வொரு முழுநிலவிலும் இலட்சக்கணக்கானோர் வெறுங்காலோடு சுற்றும் வழக்கம் பரவி, பேருந்தும் சிறப்புத் தொடர்வண்டியும் அதற்கேற்பப் பெருகின. இதன் விளைவைச் சமய மறுமலர்ச்சி என்றோ வணிகம் என்றோ பலர் எழுதியுள்ளனர். பருவ நோக்கில் அதன் பொருள் இன்னும் பெரியது. பருவத்தை ஒட்டி வந்த கூட்டம் பருவத்தைப் பொருட்படுத்தாத கூட்டமாயிற்று. நீர் மிகுந்த கார்த்திகையில் மட்டும் விருந்தினரை ஏற்றுவந்த ஊர், கிணறு வற்றிய பங்குனியிலும் வைகாசியிலும் அவர்களுக்கு நீர் தரவேண்டியதாயிற்று. கார்த்திகைக்கு அடுத்த பெருங்கூட்டம் கூடும் சித்ரா பௌர்ணமி கோடையின் உச்சத்தை ஒட்டி வருகிறது. பகலில் தார்ச்சாலையில் வெறுங்காலை வைக்க முடியாததால் நடை இரவுக்கு மாறுகிறது. கோயிலுக்குள் தேங்காய்நார் விரிப்பும் வெப்பத்தைத் தடுக்கும் வெள்ளைப் பூச்சும் நிழற்பந்தலும் அமைகின்றன, நீர்மோர்ப் பந்தல்கள் வழிநெடுக எழுகின்றன. தீபத்துக்குச் செய்யும் ஏற்பாடுகளோடு ஒப்பிட்டால் கோடைக்கூட்டத்துக்கான கவனம் இன்னும் குறைவு என்றே கூற வேண்டும். வெயிலால் விளையும் கேடு புயலைப் போல ஒரே நாளில் தலைப்புச் செய்தியாவதில்லை. 2016இல் கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்கள் வெட்டப்பட்டபோது எழுந்த எதிர்ப்பும், அது பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதும், நிழல் இங்கே அழகுப்பொருளாகக் கருதத்தக்கதன்று என்பதை நடப்போர் அறிந்திருந்ததைக் காட்டின.

கூட்டம் பெருகியதோடு வீடும் விடுதியும் பெருகின. வீட்டுமனை விலை ஏறியபோது, இடம் வாங்க இயலாதவர் மலைச்சரிவை நோக்கி நகர்ந்தனர். இதன் கடுமையான விளைவு 2024இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 30 இரவு புதுச்சேரியை ஒட்டிக் கரைகடந்த பெஞ்சல் புயல், வழக்கம்போல் விரைந்து உள்நாட்டில் கரைந்துவிடாமல், கரையை அடுத்தே மெல்ல நகர்ந்து நின்றதால், ஒரே பரப்பில் பல மணி நேரம் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டரும், மறுநாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் அதை ஒட்டிய அளவும் பதிவாயின. டிசம்பர் 1 மாலை அண்ணாமலையின் அடிவாரத்தில், வ.உ.சி. நகரில், நீரில் ஊறிய மண்ணும் பெரும்பாறையும் சரிந்து வீடு ஒன்றை மூடியதில் ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். கெட்டியான பாறைமேல் படிந்துள்ள மெல்லிய மண்ணடுக்கு, நீர் நிறைந்து கனத்தபோது பாறைப்பரப்பின்மேல் வழுக்கி இறங்குவதும், அதில் பதிந்திருந்த உருண்டைக் கற்கள் கூடவே உருள்வதும் இத்தகைய சரிவின் பொது இயல்பு.

அதே இரவில் மாவட்டத்தின் தென்கோடியில் மற்றொரு கேடு நிகழ்ந்தது. தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை 119 அடி உயரமும் ஏறத்தாழ 7,300 மில்லியன் கனஅடிக் கொள்ளளவும் உடையது. கிருஷ்ணகிரி மழைநீர் முழுவதும் அதில் வந்து சேர்ந்தபோது டிசம்பர் 2 விடியலில் நொடிக்கு 1.68 இலட்சம் கனஅடி நீர் திறந்துவிடப்பட்டது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊர்களுக்குள் புகுந்தது. தண்டராம்பட்டை அடுத்த அகரம்பள்ளிப்பட்டில் சில மாதங்களுக்கு முன் திறக்கப்பட்ட பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அந்நாள் கார்த்திகை 17.

தீபம் அவ்வாண்டு டிசம்பர் 13 அன்று வந்தது. நிலவியல் வல்லுநர் மலையை ஆராய்ந்தபின் பக்தர்கள் மலையேறுவது தடுக்கப்பட்டு, கொப்பரையும் நெய்யும் திரியும் கொண்டுசெல்லத் தேவையானோர் மட்டும் அனுமதிக்கப்பட்டனர்.

சரிவைத் தடுக்க மரம் நடுவது போதுமா என்பது நிகழ்வுக்குப் பின் பலமுறை எழுப்பப்பட்ட கேள்வி. வேர்கள் மேல்மண்ணைப் பிடித்துவைக்கும், மழைநீர் ஓட்டத்தைத் தணிக்கும்; தளர்ந்த பெரும்பாறையை அவை நிறுத்திவைக்கும் என எதிர்பார்ப்பது மிகை. ஆயினும் மலையின் காடு இவ்வட்டாரப் பருவங்களைப் பற்றிய ஆய்வில் தனியிடம் பெறத்தக்கது. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் நெருப்புக்கும் இரையாகி மொட்டையாகிவிட்டிருந்த அண்ணாமலையில், 1980களின் இறுதியிலிருந்து தன்னார்வ அமைப்புகளும் வனத்துறையும் மரம் வளர்த்து வந்துள்ளன. இப்பணியும் இரு மழைகளின் கணக்கிலேயே நடக்கிறது. கன்று நடுவது வடகிழக்கு மழையை ஒட்டி, வேர் பிடிக்க ஈரம் நிலைக்கும் நாள்களில். தையில் புல் ஆளுயரத்துக்கு வளர்ந்து காயத் தொடங்கியதும், தீ பரவாமல் இருக்க மலையைச் சுற்றிக் கோடுகோடாகப் புல் அறுத்து வெற்று நிலப்பட்டைகள் அமைக்கப்படுகின்றன. மாசி முதல் ஆனி வரை யாரேனும் வீசிய தீக்குச்சியோ மலைமேல் ஏற்றிய கற்பூரமோ ஒரே இரவில் பல ஆண்டு நடவை எரித்துவிடக் கூடும் என்பதால், அம்மாதங்களில் தீயணைப்புக்கு இளைஞர்கள் அடிவாரத்தில் காத்திருக்கின்றனர். ஐப்பசியில் நட்ட கன்றுகளுள் எத்தனை நின்றன என்னும் கணக்கு, கத்திரி முடிந்து ஆனியின் முதல் மாலைமழை பெய்த பின்னரே எடுக்கப்படுகிறது.